கூவத்தில் ஒரு கோடு போட்டால் போதாது: சென்னையில் பகுதி ஏற்றத்தாழ்வை ஆய்வு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் ஏற்றத்தாழ்வைப் பற்றி ஆய்வு என்று கிளம்புகிறவர்கள் பலரும் முதல் நாளே கூவத்தில் ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். வடக்கே உழைக்கும் மக்கள், தெற்கே வசதியானவர்கள். இந்தக் கோட்டில் உண்மை இல்லாமல் இல்லை. எண்ணூர், மணலி பக்கம் அனல் மின் நிலையங்களும் ரசாயன ஆலைகளும் குவிந்திருப்பது தற்செயல் அல்ல. ஆனால் ஆய்வின் சட்டகமே இதுதான் என்று வைத்துக்கொண்டால், நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காகக் கட்டிய, 15,656 வீடுகள் கொண்ட கண்ணகி நகர் எங்கே போகும்? அது இருப்பது தெற்கே, ஐ.டி. கம்பெனிகள் வரிசைகட்டி நிற்கும் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) ஓரத்தில். சோழிங்கநல்லூர் மண்டலத்துக்கு ஒரு சராசரி வருமானம் கணக்கிட்டால், கேட்டட் கம்யூனிட்டியும் கண்ணகி நகரும் 6,764 வீடுகள் கொண்ட செம்மஞ்சேரி வாரியக் குடியிருப்பும் (அரசின் குடிசை மாற்று வாரியம் கட்டியது) ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடும். வார்டுக்குக் கீழே, முடிந்தால் தெரு அளவில் இறங்காத எந்தச் சராசரியையும் நம்ப வேண்டாம்.

இதைவிட அதிகம் பேர் சறுக்கும் இடம் எல்லை. 'சென்னை' என்ற பெயரில் குறைந்தது நான்கு சென்னைகள் இருக்கின்றன. மாநகராட்சி, வருவாய் மாவட்டம், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லை, சட்டமன்றத் தொகுதிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. மாநகராட்சி விரிவானது அதற்குப் பிறகு, அக்டோபரில். 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என 42 உள்ளாட்சிகள் இணைந்து பரப்பு 426 சதுர கிலோமீட்டர் ஆனது, வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. வருவாய் மாவட்டம் இந்த எல்லைக்கு வந்தது 2018-இல்தான். ஆக, கணக்கெடுப்பு அட்டவணையில் 'சென்னை, வார்டு 100' என்று இருப்பதும் இன்றைய வார்டு 100-உம் ஒரே இடம் அல்ல. 2018-இல் வார்டு எல்லைகளை மறுபடியும் வரைந்தார்கள். எண்ணிக்கை 200-ஆகவே இருந்ததால், 2011-க்கும் 2022-க்கும் இடையே எதுவும் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த இரண்டு ஆண்டு மாநகராட்சித் தேர்தல்களையும் வார்டு எண் வைத்து ஒப்பிடத் தோன்றும். அப்படி ஒப்பிட்டால் கிடைப்பது வெறும் எண் விளையாட்டு.

என்ன செய்யலாம்? 2011-க்கு முன், 2011, 2018 என மூன்று காலத்து வார்டு வரைபடங்களையும் க்யூஜிஸ் (QGIS) போன்ற வரைபட மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். எந்தத் தெரு எந்தெந்த வார்டில் இருந்தது என்று ஒரு இணைப்பு அட்டவணை தயாரித்துவிட்டுத்தான் எண்களைத் தொட வேண்டும். இரண்டு வார வேலை. அலுப்பாக இருக்கும். ஆனால் சில கண்டுபிடிப்புகள் இந்த வேலையிலேயே வந்து விழும். உதாரணமாக, 2011 விரிவாக்கத்தில் பழைய நகரின் 155 வார்டுகள் 107-ஆகச் சுருங்கின. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள் கிடைத்தன. பழைய நகரின் மக்கள்தொகை சுமார் 46.5 லட்சம், சேர்ந்த பகுதிகளில் சுமார் 20 லட்சம். வகுத்துப் பாருங்கள்: பழைய நகரில் ஒரு கவுன்சிலருக்கு 43,000 பேருக்கு மேல், புதிய பகுதியில் 22,000-க்கும் கீழே. நெரிசலான ராயபுரத்துக்காரரின் ஓட்டு, உள்ளாட்சியைப் பொறுத்தவரை, பாதி எடைதான் பெற்றது. சட்டமன்றத்துக்குப் போனால் படம் தலைகீழ். 2021-இல் சோழிங்கநல்லூர் தொகுதியில் ஏறக்குறைய 7 லட்சம் வாக்காளர்கள், துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. எந்த மன்றத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் 'பிரதிநிதித்துவம் குறைவு' என்று எழுதக் கூடாது என்பதற்கு இது போதும்.

எல்லைக்கோடு மனிதர்களை எப்படி மாற்றுகிறது என்பதற்குப் பெரும்பாக்கத்தைப் பாருங்கள். நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் கண்ணகி நகருக்குப் போனாலும் பெரும்பாக்கத்துக்குப் போனாலும் அனுபவம் ஏறக்குறைய ஒன்றுதான்: வேலை தூரம், பள்ளி தூரம், பஸ் கூட்டம். ஆனால் கண்ணகி நகர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. பெரும்பாக்கத்து மக்கள் 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலில் வாக்களிக்கவில்லை. அவர்கள் ஓட்டுப் போட்டது 2021 அக்டோபரில், செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சித் தேர்தலில். நகரத்து அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். இரண்டையும் 'மறுகுடியமர்வுப் பகுதிகள்' என்று ஒரே பெட்டியில் போட்டுப் புள்ளிவிவரம் எடுத்தால், ஆய்வின் மிகச் சுவாரசியமான வேறுபாட்டை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

அடுத்தது, மாதிரி எடுக்கும் பட்டியல். குடிசைப் பகுதிகளின் அதிகாரப்பூர்வப் பட்டியலை வாங்கி அதிலிருந்து குலுக்கல் போடுவது வழக்கமான முறை. 1971 குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி அந்த ஆண்டு அறிவிக்கப்பட்டவை 1,202 பகுதிகள். 1985-இல் 17 சேர்ந்தன. அதன்பின் பட்டியல் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் உருவான குடியிருப்புகள், கால்வாய் ஓரம், ரயில்வே நிலம், ஏரிக்கரை எல்லாம் பட்டியலில் கிடையாது. விலக்கப்பட்டவர்களைத் தேடிப் போகிறவர் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டவர்களையே பேட்டி எடுத்துவிட்டுத் திரும்புவார். பட்டியலை ஒரு அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தில் நெருக்கமான தகரக்கூரைகளைக் குறித்து, நேரில் நடந்து உறுதிசெய்து, இன்னொரு அடுக்கு சேருங்கள். வீடே இல்லாமல் பிராட்வே, ராயபுரம் நடைபாதைகளில் தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்கு வீட்டுப் பட்டியல் முறை உதவவே உதவாது. அவர்களுக்கு இரவு பத்து மணிக்கு மேல் தனிக் கணக்கெடுப்பு வேண்டும்.

எத்தனை வீடு என்ற கேள்விக்குப் பெரும்பாலான மாணவர்கள் 384 என்கிறார்கள். பாடப்புத்தகத்து எண். ஒரே ஒரு சதவீதத்தை, 5 புள்ளி பிழை எல்லைக்குள், முற்றிலும் தற்செயலான மாதிரியில் மதிப்பிடத்தான் அது. பகுதி ஏற்றத்தாழ்வு என்றாலே இரண்டு பகுதிகளை ஒப்பிடுகிறோம். ஒன்றில் 40 சதவீதம், மற்றதில் 50 சதவீதம் என்ற வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பகுதியிலும் 385 வீடு வேண்டும். அதுவும் தனித்தனி வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்தால். களத்தில் அப்படிச் செய்ய முடியாது. தெருத் தெருவாகத்தான் போவோம். ஒரே தெருக்காரர்களின் பதில்கள் ஒன்றுபோல் இருக்கும் என்பதால் மாதிரியின் பலம் குறையும். அந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று எடுத்துக்கொண்டால், 20 தெருவில் 20 வீடு வீதம் 400 வீடு எடுப்பது உண்மையில் 205 வீட்டுக்குச் சமம். அதே 400-ஐ 40 தெருவில் 10 வீடு வீதம் எடுத்தால் 276-க்குச் சமம். ஆட்டோ செலவு கூடுதலாகும், அவ்வளவுதான். பணம் குறைவென்றால் கேள்வித்தாளைச் சுருக்குங்கள், தெருக்களின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

எந்த நேரத்தில் கதவைத் தட்டுகிறோம் என்பதும் மாதிரியைக் கெடுக்கும். வார நாளில் காலை பதினொன்றுக்குப் போனால் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்தான் கிடைப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையிலேயே பஸ் பிடித்திருப்பார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுப்பது சோம்பல். மாலை ஏழு மணிக்கு ஒருமுறை, ஞாயிறு ஒருமுறை என்று மூன்று தடவையாவது திரும்பப் போக வேண்டும். மாடிகளையும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடாத பிளாக்கைத் தவிர்க்கும் களப்பணியாளர், கீழே இறங்க முடியாமல் மேலேயே அடைந்து கிடக்கும் பாட்டியைத் தவிர்க்கிறார். ஓட்டுச்சாவடிக்குப் போகாதவர் யார் என்று தேடுகிற ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியவரே அவர்தான். இன்னொன்று: ஒதுக்கீடு பெற்று, தாக்குப்பிடிக்க முடியாமல் வீட்டை வாடகைக்கு விட்டுப் பழைய இடத்துக்கே போனவர்கள் உங்கள் மாதிரியில் இருக்க மாட்டார்கள். தங்கியிருப்பவர்களை மட்டும் கேட்டால் மறுகுடியமர்வு உள்ளதைவிட நன்றாகவே தெரியும். வாடகைதாரரிடம் விசாரித்து, போனவர்களில் சிலரையாவது பிடியுங்கள்.

கேள்விகளுக்கு வருவோம். 'நீங்கள் அரசியல்ரீதியாக ஒதுக்கப்படுவதாக உணர்கிறீர்களா?' இந்தக் கேள்விக்குத் தண்டையார்பேட்டையில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் அதற்குப் பொருள் கிடையாது. 'போன தேர்தலில் ஓட்டுப் போட்டீர்களா?' என்றால் எல்லாரும் போட்டதாகத்தான் சொல்வார்கள். வாய்மொழிக்குப் பதில் ஆதாரத்தைக் கேளுங்கள். வாக்காளர் அட்டையில் எந்த முகவரி? பட்டியலில் பாகம் எண், வரிசை எண் என்ன? அந்தச் சாவடி இங்கிருந்து எவ்வளவு தூரம்? முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 கொடுத்தார்களா, கொடுத்த ரசீது இருக்கிறதா? பலருக்குப் படிவம் 6 மட்டுமே தெரியும். அது புதிதாகச் சேர்பவர்களுக்கு. இந்தக் குழப்பத்தாலேயே நின்றுபோன விண்ணப்பங்களையும் தனியாக எண்ணுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் 'குழாய் இருக்கிறதா' என்று கேட்டு ஆம் என்று குறித்துக்கொள்வது வீண். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு, எத்தனை குடம், யார் தூக்குகிறார்கள் என்று கேளுங்கள். குடத்தின் கொள்ளளவைக் கையோடு கொண்டுபோன லிட்டர் பாட்டிலால் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு மாறும். புகாரைப் பதியும்போதும் கவனம் தேவை. 'கவுன்சிலர் ஒண்ணுமே செய்யல, சாக்கடை பொங்குது' என்பார் ஒருவர். கழிவுநீர் மெட்ரோ வாட்டரின் (சென்னைக் குடிநீர் வாரியம்) வேலை, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் வேலை, வாரியக் குடியிருப்புக்குள் என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் வந்து நிற்கும். யாரிடம் போனார், அங்கிருந்து எங்கே அனுப்பினார்கள், கடைசியில் எங்கே நின்றது என்ற வழியை வரிசையாகப் பதிந்தால், 'அலைக்கழிப்பு' என்பதையே அளக்க முடியும். எத்தனை அலுவலகம், எத்தனை நாள், எவ்வளவு கூலி இழப்பு.

விலக்கப்பட்ட எல்லாரையும் ஒரே வகையாகக் கருதுவதுதான் பகுப்பாய்வில் நடக்கும் பெரிய குளறுபடி. புழல் முகாமில் வசிக்கும் இலங்கைத் தமிழ் அகதிக்குக் குடியுரிமை இல்லை, அதனால் ஓட்டு இல்லை. ஓ.எம்.ஆர். தகரக்கொட்டகையில் இருக்கும் ஒடிசா கட்டடத் தொழிலாளிக்கு ஓட்டு உண்டு, ஆனால் சொந்த ஊரில். அப்புறப்படுத்தப்பட்டவருக்கு ஓட்டு பழைய பேட்டையிலேயே இருக்கலாம், அல்லது 'இடம் பெயர்ந்தவர்' என்று நீக்கப்பட்டிருக்கலாம். நான்காமவருக்குப் பெயர், சாவடி எல்லாம் சரி, கேட்பதற்குத்தான் ஆளில்லை. காரணமும் தீர்வும் நான்கிலும் வேறு. தனித்தனியாகக் குறியிடாவிட்டால் அறிக்கையின் பரிந்துரை எங்கும் ஒட்டாது.

குறைந்த வாக்குப்பதிவை விலக்கத்துக்குச் சான்றாக்குவதும் அவசரம். 2022-இல் சென்னை மாநகராட்சியில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைத் தொடவில்லை. வசதியான பகுதிகளிலும் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்; அவர்களை யாரும் ஒதுக்கிவிடவில்லை. சதவீதம் என்றால் அடியில் இருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் போன்ற பெரிய நீக்கத்துக்குப் பிறகு, ஓட்டுப் போட்டவர்கள் எண்ணிக்கை கூடாமலேயே சதவீதம் ஏறும். முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டுமானால் பதினெட்டு வயது நிறைந்தோர் மதிப்பீட்டை வகுஎண்ணாக வையுங்கள். அதேபோல 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லை, அதிகாரிகளின் ஆட்சி. இது எல்லாப் பகுதிக்கும் பொதுவான இழப்பு. ஆனால் பெசன்ட் நகரில் குடியிருப்போர் சங்கம் நேராக மண்டல அலுவலரிடம் போனில் பேசும். கண்ணகி நகர்க்காரருக்கு அந்த வழி திறந்திருந்ததா என்பதுதான் கேள்வி.

வார்டுவாரிச் செலவு பற்றி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுகிறவர்கள் 'ஐந்தாண்டில் ஆன மொத்தச் செலவு' என்று கேட்டால் தொகுத்த தகவல் இல்லை என்ற பதில்தான் வரும். குறிப்பிட்ட வார்டு, குறிப்பிட்ட நிதியாண்டு, வேலைவாரியாக மதிப்பீடும் பில் போட்டுக் கொடுத்த தொகையும் என்று பிரித்துக் கேளுங்கள். மதிப்பீட்டையும் உண்மையில் கொடுத்த பணத்தையும் கலக்காதீர்கள். ஒரு வார்டு வழியாகப் போகும் பெரிய வடிகாலின் செலவு முழுவதும் அந்த வார்டுக்காரர்களின் நன்மை அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் எண்கள் மாவட்ட அளவில்தான் நிற்கும். அவற்றை வார்டுக்கு உடைக்க முடியாது.

களத்தில் நீங்கள் யார் என்பதில் மயக்கம் இருக்கக் கூடாது. பேட்டைக்குள் எழுதும் பலகையோடு போனாலே 'வீடு ஒதுக்க வந்த கணக்கெடுப்பு' என்று ஒரு பக்கம் நம்பிக்கை, 'இடிக்க வந்தவங்க' என்று மறுபக்கம் பயம். இரண்டுமே பதில்களை வளைக்கும். கவுன்சிலரின் ஆளோடு தெருவுக்குள் நுழைந்தால் அதே கதை. ஒப்புதலைப் பேச்சுத் தமிழில், 'இதனால வீடும் கிடைக்காது, இருக்கிற வீடும் போகாது' என்று நேரடியாகச் சொல்லி வாங்குங்கள். கைரேகை வேண்டாம், வாய்மொழி ஒப்புதல் போதும். சாதியைப் பக்கத்து வீட்டார் நிற்கும்போது கேட்காதீர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் எண் போட்ட அட்டையைக் காட்டி எண்ணைத் தொடச் சொல்லலாம்.

அறிவிக்கப்படாத குடியிருப்புகளின் ஜி.பி.எஸ். புள்ளிகளை அறிக்கையிலோ திறந்த தரவிலோ வெளியிடக் கூடாது. ஆக்கிரமிப்பு அகற்றுபவர்களுக்கு அது தயாரான வரைபடம். அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் ஐந்துக்கும் குறைவானவர்கள் இருந்தால் அந்த எண்ணை மறைத்துவிடுங்கள். சிறிய தெருவில் 'விதவை, ஓட்டு நீக்கப்பட்டவர், நரிக்குறவர்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். பெயர், போன் எண் இருக்கும் கோப்பைப் பதில்கள் இருக்கும் கோப்பிலிருந்து முதல் நாளே பிரித்து, வெவ்வேறு கணினியில் வையுங்கள்.