பூட்டிய வீடும் பிரஷர் மாத்திரையும்: ஒரு மாற்றத்தைச் சின்னதாகச் சோதிப்பது எப்படி?

நடவு தொடங்கிவிட்டால் டெல்டா கிராமங்களில் பகலில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது; வாங்க ஆள் இருந்தால்தானே? "சொன்னா கேக்க மாட்டாங்க" என்று நோயாளிமேல் பழிபோடுவதற்கு முன் இதைச் செய்துபாருங்கள்.

முதலில் எண்ணுங்கள். இந்த வாரம் மாத்திரை வாங்க வேண்டியவர் எத்தனை பேர், கையில் கிடைத்தது எத்தனை பேருக்கு? நாற்பது பக்க நோட்டு போதும். நான்கு வாரமாவது எண்ணாமல் எதையும் மாற்றாதீர்கள்.

அடுத்து, விட்டுப்போனவர்களில் நாலைந்து பேரிடம் காரணம் கேளுங்கள். "விடியக்காலமே நாத்து பறிக்கப் போயிடறோம், நீங்க பத்து மணிக்கு வந்தா யாரு இருப்பா?" பதில் பெரும்பாலும் இப்படி எளிமையாகத்தான் இருக்கும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர் காலைக்குப் பதில் மாலை ஆறு மணிக்குப் போகட்டும். ஒரு தெரு, ஐந்து வீடு, ஒரு வாரம், அவ்வளவுதான். மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். போவதற்கு முன்பே நோட்டில் உங்கள் கணிப்பை எழுதிவையுங்கள்: "ஐந்தில் நான்கு பேருக்குக் கிடைக்கும்." எழுதாமல் விட்டால், எது நடந்தாலும் "நான் அப்பவே நினைச்சேன்" என்று தோன்றும்.

பிரஷர் பார்க்கும்போது அவசரம் வேண்டாம். வயலிலிருந்து வந்த காலோடு, சேறுகூடக் கழுவாமல் கையை நீட்டுவார்கள். அப்படியே பட்டையைச் சுற்றினால் அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவையுங்கள். பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், பட்டை துணிக்கு மேல் இல்லாமல் வெறும் கையில். பேச்சுக் கொடுக்காதீர்கள், அதுதான் நம்மூரில் கஷ்டம்! காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி அளந்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

வார முடிவில் கணிப்பையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்குத்தான் கிடைத்ததா? ஏன் என்று கேளுங்கள். கணிப்பு தப்பும் இடத்தில்தான் கற்க நிறைய இருக்கிறது. இருட்டில் திரும்பும் தன்னார்வலருக்கு என்ன சிரமம் என்பதையும் எழுதுங்கள். நோயாளிக்கு வசதி, அவருக்குத் தொல்லை என்றால் அந்த ஏற்பாடு நிலைக்காது.

அப்புறம் முடிவு: வைத்துக்கொள்வதா, திருத்துவதா, விடுவதா. பலித்தால் அடுத்த வாரம் இரண்டு தெரு. திட்டமிடு, செய், ஆராய், முடிவெடு என்று சுற்றிவரும் இந்த முறைக்கு வித்திட்டவர் தொழிற்சாலைத் தரத்தை ஆராய்ந்த அமெரிக்கர் வால்டர் ஷூஹார்ட்; புள்ளியியலாளர் டெமிங் அதைப் பரப்பினார்.

வாரக் கணக்கை வரைபடத் தாளில் புள்ளியாக வைத்து இணையுங்கள். நடவு தொடங்கிய வாரத்தையும் முடிந்த வாரத்தையும் குறித்துவையுங்கள். நடவு முடிந்ததும் வீடுகள் தானாகத் திறக்கும், கோடும் தானாக ஏறும். அதை நம் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதனால், ஒப்பிட்டுப் பார்க்க, தன்னார்வலர் இன்னும் காலையிலேயே போகும் பக்கத்துத் தெருவின் புள்ளிகளையும் அதே தாளில் வேறு மையில் வையுங்கள்.