பால்கனியில் புறா அடையாமல் தடுப்பது எப்படி?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடப்புறாக்கள் முதலில் பிடிக்கும் இடம் ஏசி வெளி யூனிட்டின் பின்புறமும் சன்ஷேடும்தான் என்பதால், நான்கைந்து சுள்ளிகளும் ஒரு துண்டுக் கம்பியும் அங்கே கிடப்பதைக் கண்ட அன்றே அகற்றிவிட வேண்டும். முட்டையிட்டுவிட்டால், அது பொரிய ஏறத்தாழ 18 நாளும், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதமும் ஆகும். அதுவரை பொறுப்பதே முறை.

காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் கிளம்பும் தூசு நுரையீரலைப் பாதிக்கக்கூடும். ஆகவே முகக்கவசமும் கையுறையும் அணிந்து, தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவைத்த பின்னரே சுரண்டி எடுக்க வேண்டும்.

பழைய சிடிக்களும் பளபளக்கும் நாடாக்களும் சில நாட்களே மிரட்டும். பிறகு புறா அவற்றின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நிலையான தீர்வு நைலான் வலைதான். துளையின் அளவு 50 மி.மீ.க்கு மிகாத வலையை, சுவரில் கொக்கி அடித்து, ஓரங்களில் கம்பி ஓட்டி, தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும்; தொய்ந்த வலையில் பறவைகள் சிக்கி இறப்பதுண்டு. கட்டுமுன் உள்ளே குஞ்சு எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். வலை கட்ட முடியாத குறுகிய விளிம்புகளில், 45 பாகைக்கு மேல் சாய்த்துப் பொருத்திய வழுவழுப்பான தகடு, கால் ஊன்ற விடாது. மேல்வீட்டார் மொட்டைமாடியில் தானியம் இறைப்பவராயின், அவரிடமும் பக்குவமாகப் பேசியாக வேண்டும்.