பழைய கமேரோ வாங்கும்போது சின்னத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்

பெரிய எஞ்சினுக்குப் பேர்போன 1960களின் அமெரிக்க மசில் கார்களைப் புதுப்பித்து, நவீன எஞ்சின் பொருத்தி விற்கும் சந்தைக்குப் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுடன் கார் பார்க்கப் போகும்போதெல்லாம், நாங்கள் ஒரு காலத்தில் தடுக்கி விழுந்த இடங்களிலேயே அவர்களும் விழுவதைப் பார்க்கிறேன். ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்பது போன்றவற்றை எவரும் சொல்வார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். எனக்கு அதிகம் பழக்கமான 1969 செவ்ரோலே கமேரோ கூப்பேயை (இரண்டு கதவுக் கார்) வைத்தே மற்றவற்றைச் சொல்கிறேன்.

எஸ்எஸ் சின்னத்துக்கு விலை கொடுப்பது

எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) என்பது தனி மாடல் அல்ல. கூடுதல் பணம் கட்டி வாங்கிய ஒரு தொகுப்பு. 350 அல்லது 396 கன அங்குல எஞ்சின், முன்சக்கர டிஸ்க் பிரேக், தனி பானெட், சின்னங்கள் ஆகியவை அதில் அடங்கும். இவற்றுக்கான உதிரிகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுவதால், சாதாரணக் கமேரோவை எஸ்எஸ் தோற்றத்துக்குக் கொண்டுவருவது கடினமான வேலையே அல்ல. குளோன் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அதில் குற்றமும் இல்லை. சின்னத்தை ஒட்டிவிட்டு, அசலுக்கான விலையைக் கேட்பதுதான் சிக்கல்.

முன்கண்ணாடியின் ஓட்டுநர் பக்க மூலையில், டேஷ்போர்டின் மேல், 13 இடங்கள் கொண்ட அடையாள எண் தகடு இருக்கும். முதலில் வரும் 1 செவ்ரோலேயைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் 24 என்றால் கார் எட்டு சிலிண்டருடன் பிறந்தது, 23 என்றால் ஆறு சிலிண்டருடன் பிறந்தது. 37 என்பது கூப்பே, 9 என்பது ஆண்டு. அதன் பின் வரும் எழுத்து என் என்றால் ஒஹாயோ மாநிலத்து நார்வுட் ஆலை, எல் என்றால் கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. எஸ்எஸ் என்ற செய்தி இந்த எண்ணில் எங்கும் கிடையாது.

விற்பவர்கள் ஒளிந்துகொள்வது இந்த இடத்தில்தான். இளம் பொறியாளர் ஒருவர் முன்பணம் கட்டிய பிறகு என்னை அழைத்துப்போய்க் காட்டிய சிவப்புக் கமேரோவின் கிரிலிலும் ஃபெண்டரிலும் எஸ்எஸ் சின்னம் மின்னியது. பானெட்டுக்குள் எல்எஸ்3 என்ற நவீன எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. கைவிளக்கை அடித்துத் தகட்டைப் படித்தேன்: 1, 2, 3, 3, 7. ஆறு சிலிண்டர் கார். சுட்டிக்காட்டியபோது, அடையாள எண்ணில் எஸ்எஸ் தெரியாது என்று விற்பவர் நிதானமாகப் பதில் சொன்னார். அது உண்மைதான். ஆனால் எஸ்எஸ் தொகுப்பு ஆறு சிலிண்டர் காருக்குத் தரப்படவே இல்லை என்ற மறுபாதியை அவர் சொல்லவில்லை. முன்பணம் திரும்பி வரவில்லை.

எண் 24 என்று இருந்தாலும் எஸ்எஸ் என்பது உறுதியாகிவிடாது. 1968 டிசம்பர் வாக்கிலிருந்து நார்வுட் ஆலை, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரின் தகட்டில், கார் எந்தத் தொகுப்போடு வந்தது என்பதை ஓரளவு காட்டும், எக்ஸ் என்று தொடங்கும் குறியீடு ஒன்றைப் பொறித்தது. வான் நைஸ் பொறிக்கவில்லை. அந்தத் தகட்டையும் போலியாகச் செய்கிறார்கள். போன்டியாக், ஃபோர்டு கார்களுக்குத் தயாரிப்புப் பதிவுகளைப் பணம் கட்டிப் பெற வழி உண்டு. செவ்ரோலேக்கு, கனடாவில் விற்கப்பட்ட கார்களைத் தவிர, அந்த வசதி இல்லாததால், ஆலையின் பில்டு ஷீட் (காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று ஆலை எழுதிய தாள்) அல்லது முதல் விற்பனையின் ரசீது கையில் இருந்தால்தான் பேச்சையே தொடங்க வேண்டும்.

எனக்கு எரிச்சலூட்டுவது இன்னொன்று. அசல் எஞ்சினும் கியர்பாக்ஸும் கழற்றி எறியப்பட்ட காரில், எஸ்எஸ் என்பது நிரூபணமானாலும் அந்தப் பெயரின் மதிப்பில் பெரும்பகுதி எஞ்சினோடு போய்விட்டது. இப்படி மாற்றியமைத்த காரை வேலையின் தரத்துக்காக வாங்க வேண்டும். வெல்டிங் எப்படி, ஒயரிங் எப்படி, ரேடியேட்டர் தாங்குமா என்று கேட்க வேண்டியவர்கள், சின்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பெயின்ட்டுக்கு அடியில் பார்க்காமல் விடுவது

கமேரோவின் முன்பகுதிக்கு மட்டுமே தனிச் சட்டம் உண்டு. மற்ற எடையை உடல் தகரமே தாங்குகிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய கார் என்றால், டிக்கியின் தரையையும் பின்சக்கர வளைவுகளையும் அடியிலிருந்து பாருங்கள். முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் இலைச் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கும். துரு அங்கிருந்து டேஷ்போர்டுக்கு அடியில் இறங்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். எஞ்சினை ஒரே நாளில் கூட இறக்கிவிடலாம், அரித்த தகரத்தை வெட்டி மாற்றும் டிங்கரிங் செலவு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குதிரைத்திறனை நேரடியாக ஒப்பிடுவது

1972க்கு முந்தைய விளம்பரங்களில் உள்ளது மொத்தத் திறன், அதாவது துணைக் கருவிகள் இல்லாமல் எஞ்சினை மட்டும் வைத்து அளந்தது. இன்றைய எண் அவற்றோடு சேர்த்து அளந்த நிகரத் திறன், எனவே பழைய எண் பெரிதாகத் தெரியும்.

எஞ்சினை மட்டும் மாற்றிய கார்

430 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்திய காரின் முன்சக்கரங்களில் டிரம் பிரேக் இருந்தால், பிரேக்கின் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பின் அச்சின் மூடியில் எத்தனை போல்ட் என்று எண்ணுங்கள்: அசல் எஸ்எஸ் காரில் 12 போல்ட் அச்சு வந்தது, சாதாரணக் காரின் 10 போல்ட் அச்சு இந்த எஞ்சினின் முறுக்கு விசையை நெடுநாள் தாங்காது.

சாதாரணக் காப்பீடு

வேண்டாம். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் காப்பீட்டை, காரை வீட்டுக்கு ஓட்டிவருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.