மட்டக்களப்பு மணலில் பாடசாலை நிலநடுக்கமானி பொருத்துவது எப்படி?

தேவையானவை: ராஸ்பெரி ஷேக் 1டி என்ற சிறிய நிலநடுக்கமானி (உள்ளே மேல்-கீழ் அசைவை உணரும் 4.5 ஹேர்ட்ஸ் ஜியோபோன் என்ற அதிர்வு உணரி ஒன்று இருக்கும்), 5 வோல்ற்று 3 அம்பியர் அடப்டர், ஈதர்நெட் கேபிள், சிறிய யூபிஎஸ். கருவியை ஓடவைக்க அரைமணி போதும். இடம் பார்க்கத்தான் ஒரு கிழமை வேண்டும்.

1. இடம்

மாடி வேண்டாம், மேசை வேண்டவே வேண்டாம். நிலமட்டக் கொங்கிறீட் தரையே சரி. டைல்ஸ் பதித்திருந்தால் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். வெறுமையாக ஒலிக்கும் டைலின் அடியில் சாந்து பிடிக்கவில்லை, அதில் வைக்காதீர்கள். கல்லடி போன்ற கரையோரத்து இளகிய மணல் அதிர்வைப் பெருப்பித்துக் காட்டும். தென்னை காற்றில் ஆட வேர்மண்ணும் சேர்ந்து ஆடும். நீர் மோட்டர் இன்னும் மோசம். இரண்டு மூன்று மூலைகளில் இரண்டிரண்டு நாள் வைத்து, இரவில் திரையில் அதிர்வுப் பதிவின் கோடு எங்கே மெலிதாக ஓடுகிறதென்று பாருங்கள். அம்பாறைப் பக்கம் பாறைமேல் கட்டிய வகுப்பறை கிடைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

2. மட்டம்

மூன்று கால் திருகுகளைத் திருகி நீர்க்குமிழை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அடியில் பாய், ரப்பர் எதுவும் போடாதீர்கள். கேபிளைத் தளர்வாக விட்டுத் தரையோடு ஒட்டுங்கள். மின்விசிறிக் காற்றுப் படாமல் மட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழுங்கள். அது கருவியில் முட்டக்கூடாது.

3. இணைப்பு

உலாவியில் ஆர்எஸ்.லோக்கல் முகவரியைத் திறந்து, இடத்தின் அகலாங்கு நெட்டாங்கைப் பதியுங்கள். இதற்குச் சொந்த மணிக்கூடு இல்லை, நேரத்தை இணையத்திலிருந்தே எடுக்கும். இணையம் அறுந்தால் நேரம் நழுவி, அடுத்த பாடசாலைப் பதிவோடு பொருந்தாமல் போகும். பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினால் எஸ்டி அட்டை பழுதாகலாம். அதே உலாவிப் பக்கத்தில் கருவியை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள்.

4. சோதனை

5 மீற்றர் தள்ளி ஒரு மாணவர் குதிக்கட்டும். கூர்முனை தெரியவில்லையென்றால் மட்டத்தையும் கேபிளையும் மீண்டும் பாருங்கள்.

5. வாசிப்பு

வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்க, கோடு தடிக்கும். அது கருவியின் கோளாறு அல்ல. அதிர்வுப் பதிவைப் பார்க்க உதவும் ஸ்வார்ம் மென்பொருளில் 1 முதல் 10 ஹேர்ட்ஸ் வரையானதை மட்டும் விட்டு மற்றதை வடிகட்டுங்கள். லொறியின் அதிர்வு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அண்மை நிலநடுக்கமோ சட்டென்று தொடங்கும். முதலில் வேகமாக வரும் பி அலை, பின்னே மெதுவாக வரும் பெரிய எஸ் அலை, அப்புறம் நீண்ட வால். இரண்டு அலைகளுக்கும் இடைவெளி 12 செக்கன் என்றால் 8ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 96 கிலோமீற்றர். சில நூறு கிலோமீற்றருக்குள்தான் இந்தக் கணக்குச் செல்லும். எஸ் அலை பெரும்பாலும் பக்கவாட்டில் ஆட்டுவதால் இந்தக் கருவியில் மங்கலாகத் தெரியலாம். கிடைப்பது தூரம் மட்டுமே. இடத்தைக் குறிக்க மூன்று நிலையங்கள் வேண்டும். கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகல நில அதிர்வு நிலையத்தின் பொதுத் தரவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பதிவெல்லாம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். 5:30 கூட்டினால் நம் நேரம். 2004 டிசம்பர் 26 சுமாத்திரா நிலநடுக்கத்தைப் பயிற்சிக்கு எடுத்தால் மட்டும் கவனம்: யூடிசி 00:58 என்பது அன்று இலங்கையில் காலை 6:28 அல்ல, 6:58. 2006 ஏப்ரல் வரை நம் மணிக்கூடு 6 மணித்தியாலம் முன்னே ஓடியது.