ஒயிட் ரிம் சாலையில் வண்டியை இறக்கும் முன்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போகிற ஒயிட் ரிம் சாலையின் நீளம் சுமார் 160 கி.மீ. "இவ்வளவுதானே, மதியத்துக்குள் முடித்துவிடலாம்" என்று போடும் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1950-களில் யுரேனியம் தேடப் போட்ட பாதை இது. பாறைப் படிகளில் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஊரும். இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடிப்பதானாலும் அனுமதிச் சீட்டு கட்டாயம்.

ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வசதி) இருந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். அடிப்பகுதி உயரமான, லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர்) உள்ள வண்டிதான் இங்கே வேண்டும். ஏன் என்பது, மேட்டிலிருந்து இந்தச் சாலைக்கு இறங்கும் ஷேஃபர் இறக்கத்தில் தெரியும். செங்குத்துப் பாறையை ஒட்டி, கொண்டை ஊசி வளைவுகளாகச் சுமார் 1,500 அடி இறங்குகிறது பாதை. பயத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், பாதி வழியில் கருகிய வாடை வரும். பிறகு பெடல் பஞ்சுபோல் அமுங்கும். மேலேயே நிறுத்தி, லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு, இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும்படி இறங்குங்கள். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை.

வழியில் குடிநீர் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். முழு அளவு ஸ்டெப்னியும் வேண்டும். இங்கிருந்து வண்டியை இழுத்துவர 1,000 டாலருக்கு மேல் ஆகும்.

தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறதே என்று காய்ந்த ஓடையில் கூடாரம் போடுவது உயிருக்கே ஆபத்து. கோடையின் பிற்பகுதியில் எங்கோ தொலைவில் பெய்த மழை, இங்கே திடீர் வெள்ளமாக வந்து சேரும். ஈரமான களிமண்ணில் நான்கு சக்கரமும் வழுக்கும். காய்கிறவரை காத்திருப்பதே நல்லது.

எனக்கு மனம் பொறுக்காத தவறு வேறொன்று. பாதையோரத்தில் கருப்பாக, பொருக்குப் பொருக்காக மண் தெரியும். உற்றுப் பாருங்கள், குட்டிக் குட்டிக் கோபுரங்கள்போல் எழும்பியிருக்கும். அது வெறும் மண் இல்லை. நுண்ணுயிர்களும் பாசியும் மணலைப் பிணைத்து உண்டாக்கிய உயிருள்ள மேலோடு. மண் காற்றில் பறக்காமல் காப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் தருவதும் அதுதான். ஒரு டயர் ஏறினால் நொறுங்கிவிடும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். எதிரே வண்டி வந்தால் அதன்மேல் ஒதுங்காதீர்கள். அகலமான இடம் வரும்வரை, எவ்வளவு தூரமானாலும், ரிவர்ஸ் எடுங்கள்.