கால் குடைச்சல் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தூக்கமே வர்றதில்லைங்க டாக்டர்." மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேடி வருகிறவர் இதை மட்டும் சொல்லிவிட்டுக் காலைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தூக்கமில்லை, பசியில்லை, எடையும் குறைகிறது என்றால் மருத்துவர் மிர்டாசபின் எழுத நல்ல காரணம் இருக்கிறது. அது தூக்கத்தையும் தரும், பசியையும் தூண்டும். ஆனால் ஓய்வாக இருக்கும்போது காலை அசைத்தே ஆகவேண்டும் என்று குடையும் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், சுருக்கமாக ஆர்.எல்.எஸ்., உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரைகளிலேயே அதிகத் தொல்லை தருவது அதுதான். முதல் சில நாட்களிலேயே கால் இன்னும் மோசமாகலாம். தூக்கம் வரவில்லை என்று மறுபடி போய்ச் சொன்னால் மாத்திரையின் அளவு கூடலாம்.

காலைப் பற்றிச் சரியாகச் சொல்லாமல் விடுவது

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் "காலு கொடையுதுங்க" என்று சொன்னால் மூட்டுவலி, நரம்பு வலி, சர்க்கரை என்று எதுவாகவும் எடுத்துக்கொள்ளப்படும். சத்து ஊசியோ, வலிக்கு 10 மி.கி. அமிட்ரிப்டிலினோ கிடைக்கும். அமிட்ரிப்டிலினும் மனச்சோர்வு மாத்திரைதான், அதுவும் காலைக் கிளப்பிவிடக்கூடியது. ஆகவே நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் இருக்கிறது, உட்கார்ந்தாலோ படுத்தாலோ வருகிறது, எழுந்து நடந்தால் நடக்கும்வரை குறைகிறது, சாயங்காலத்துக்கு மேல் அதிகமாகிறது. கெண்டைக்கால் தசை கட்டியாக இழுத்துப் பிடிப்பது வேறு தொல்லை.

பல்லடம், சோமனூர் தறிக்கூடங்களில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்காமலே போகலாம். தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பதால் வேலை நேரத்தில் தொல்லை தெரியாது. விடுமுறை இரவிலும், சென்னைக்குப் போகும் இரவு பஸ்ஸிலும் எப்படி இருக்கிறது என்று யோசித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பல மாதம் தூங்காதவருக்குச் சோர்வு, கவனக்குறைவு, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை எல்லாமே வரும். மனச்சோர்வுக்கான கேள்வித்தாளில் இவையெல்லாம் மதிப்பெண்ணாக ஏறும். லேசான சோர்வு என்றால், காலைச் சரிசெய்து தூக்கத்தை மீட்ட பிறகு மாத்திரை தேவையா என்று பார்ப்பதற்கு இடமிருக்கிறது. கடுமையான மனச்சோர்வு என்றால் காத்திருக்கக் கூடாது.

ஃபெரிட்டின் பார்க்காமல் தொடங்குவது

எங்களைக் கேட்டால், முதல் மாத்திரைக்கு முன்பே செய்ய வேண்டிய பரிசோதனை இதுதான். ஆர்.எல்.எஸ்.ஸில் மூளைக்குப் போய்ச்சேரும் இரும்புச்சத்து குறைவு. ஹீமோகுளோபின் 13 இருந்தாலும் உடலின் இரும்பு இருப்பு வற்றிப்போயிருக்கலாம். அந்த இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பாருங்கள். காலையில், வெறும் வயிற்றில், முந்தின நாள் இரும்பு மாத்திரை எதுவும் எடுக்காமல் ரத்தம் கொடுக்க வேண்டும். காய்ச்சல், சளி இருக்கும்போது கொடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் 25 என்று வந்து பக்கத்தில் நார்மல் என்று அச்சாகியிருக்கும். பொதுவான கணக்குக்கு அது நார்மல். ஆர்.எல்.எஸ். உள்ளவருக்கு 75-ம் அதற்குக் கீழும் இருந்தாலே, அல்லது சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழ் போனாலே, இரும்பு கொடுக்கலாம் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலும் நன்றாகச் சேரும். எலுமிச்சைச் சாறோடு எடுக்கலாம். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பான்டோபிரசோல் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. 3 மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றும் வசதி இருக்கிறது. கொள்ளும் கீரையும் நல்லவைதான், ஆனால் 20-ஐ 75-க்கு மேல் கொண்டுபோக அவை மட்டும் போதாது. ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ ஃபெரிட்டின் குறைந்திருந்தால், ரத்தம் எங்கே கசிகிறது என்று வயிறு, குடலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லா மாத்திரையும் ஒன்று என்று நினைப்பது

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின், வென்லாஃபாக்சின், டுலாக்ஸெடின் இவை அத்தனையும் சிலருக்குக் காலைத் தூண்டும், பலருக்கு ஒன்றும் செய்யாது. ஆகவே இவை விலக்கப்பட்டவை அல்ல. ஏற்கெனவே ஒன்றில் மனம் நன்றாகத் தேறி, கால் தொல்லை லேசாக இருந்தால், அதை மாற்றாமல் இரும்பைச் சரிசெய்து, தேவைப்பட்டால் காலுக்கு கபாபென்டினோ பிரிகாபாலினோ சேர்ப்பது பல சமயம் நல்ல வழி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இவ்விரண்டின் அளவையும் குறைக்க வேண்டும். காலுக்கென்றே கொடுக்கப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆரம்பத்தில் அற்புதமாகக் கேட்கும், வருடங்கள் போகப்போக தொல்லையை முன்பைவிடச் சீக்கிரமே, பகலிலேயே தொடங்கவைத்து, கைக்கும் பரப்பிவிடக்கூடும்.

புதிதாகத் தொடங்குகிறவர் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய பெயர் புப்ரோபியான். மூளை ரசாயனங்களில் செரோட்டோனினைத் தொடாமல் டோபமின், நார்அட்ரினலின் வழியாக வேலை செய்வதால் காலைக் கிளப்புவது அரிது. வழக்கமாக 150 மி.கி., காலையில். சாயங்காலம் போட்டால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை என்பதால் உடைக்கவோ மெல்லவோ கூடாது. வலிப்பு வந்தவர்கள், உணவுக் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடித்துத் திடீரென நிறுத்துகிறவர்கள் எடுக்கவே கூடாது, வலிப்பு வரலாம். பதற்றம் அதிகமுள்ளவருக்கு அதைக் கூட்டலாம். ரத்த அழுத்தத்தைப் பார்த்துவர வேண்டும். மெட்டோபிரோலால், தமாக்ஸிஃபன் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: முன்னது உடலில் கூடிவிடும், பின்னது சரியாக வேலை செய்யாது.

தூக்கத்துக்கும் ஏதாவது வேண்டும் என்றால் மிர்டாசபினுக்குப் பதில் குறைந்த அளவு டிராசோடோன் பற்றிக் கேட்கலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றும், வயதானவர்கள் கவனம்.

தானாக நிறுத்துவது

கால் துடிக்கிறது என்று மாத்திரையை ஒரே இரவில் விட்டால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் அதிர்வு வரும். பராக்ஸெடினிலும் வென்லாஃபாக்சினிலும் இது அதிகம். மனச்சோர்வும் திரும்பலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஃப்ளூஆக்ஸெடின் உடலில் வாரக்கணக்கில் தங்கும், நிறுத்திய மறுநாளே கால் அடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. மாத்திரை தொடங்கிய நாட்களில் அல்லது அளவு கூட்டிய நாட்களில், காலில் மட்டும் இல்லாமல் உடம்பெல்லாம் பரபரத்து, பகலிலும் ஓரிடத்தில் நிற்க முடியாமல், நடந்தாலும் அடங்காமல் இருந்தால் அது அகதீசியாவாக இருக்கலாம். தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடிய நிலை அது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இரவு நேரம், யாரும் கிடைக்கவில்லை என்றால் டெலி மானஸ் 14416-க்கு அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

மாத்திரையை மட்டும் பழி சொல்வது

சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்ஃபெனிரமின், இருமல் மருந்தில் கலந்திருக்கும் டைஃபென்ஹைட்ரமின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், பஸ் பயணத்துக்கான புரோமெதசின் எல்லாமே காலைத் தூண்டும். வாந்திக்கு டோம்பெரிடோன் ஏற்குமா என்று கேளுங்கள், அது மூளைக்குள் அதிகம் போவதில்லை. தூக்கத்துக்கென எழுதப்படும் குவெட்டியாபின், ஓலன்சாபின் ஆகியவையும் காலைத் தூண்டும் ரகம்தான். மாலைக் காபியும் இரவுக் குடியும் தனிக் கணக்கு.

மனநல மருத்துவரிடம் போகும்போது, அது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவானாலும் தனியார் கிளினிக்கானாலும், எடுக்கும் எல்லா மருந்துகளின் அட்டையையும், ஃபெரிட்டின் ரிப்போர்ட்டையும், இரண்டு வாரக் குறிப்பையும் கொண்டுபோங்கள். குறிப்பில் தினமும் மூன்று மட்டும் போதும்: கால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை முறை எழுந்து நடந்தீர்கள், அன்றைக்கு எந்த மருந்து புதிது.