கருத்தரங்கு வேண்டாம், கணக்கு நோட்டு போதும்

கல்லூரியில் தொழில்முனைவோர் விழா என்று மேடை போட்டு சால்வை போர்த்தினால் மாணவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் தொழில் பக்கம் இழுக்க ஒரே வழி, சின்னதாக எதையாவது விற்க வைப்பதுதான்.

வடசென்னைக் கல்லூரிகளில் பலர் வகுப்பு முடிந்ததும் கடைக்கோ டெலிவரிக்கோ ஓடுகிறவர்கள். அதனால் மாலைக் கூட்டம் வைத்தால் ஆள் வராது, மதிய இடைவேளையில் அரை மணி நேரம் போதும். நான்கு பேருக்கு ஒரு குழு. குழுவுக்கு 2,000 ரூபாய், வட்டியில்லாமல், முன்னாள் மாணவர்களிடமோ துறையிடமோ வாங்கிக் கொடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். சில வீடுகளில் அது கந்துவட்டியில் போய் முடியும். நான்கு வாரத்தில் பணம் திரும்ப வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு குழு அங்கே 180 ரூபாய் வீதம் 10 டாப்ஸ் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோ 150. மொத்தம் 1,950. ஏழு டாப்ஸ் 280க்குப் போகிறது. "ஒண்ணுக்கு நூறு, எழுநூறு லாபம் சார்" என்பார்கள். ஆனால் ஏழில் இரண்டு, தோழிகள் 'அப்புறம் தரேன்' என்று எடுத்துப் போனவை. கையில் வந்தது 1,400. போட்ட முதலிலேயே 550 குறைகிறது. மீதி மூன்று டாப்ஸும் யாருக்கும் சேராத அளவு, ஏனென்றால் மொத்தக் கடையில் பெரும்பாலும் பல அளவும் கலந்த செட்டாகக் கட்டித் தருவார்கள். இரண்டாம் சுற்றில் அந்தக் குழு முதலில் ஆர்டர் எடுத்து, அளவு கேட்டு, பாதிப் பணம் வாங்கிக்கொண்டுதான் கடைக்குப் போகும். எந்த வகுப்பும் இதை இவ்வளவு சீக்கிரம் கற்றுத்தராது.

காசிமேட்டு மீன் ஏலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு விலை பேசச் சொல்லித்தர வேண்டியதில்லை, எழுதி வைக்கத்தான் பழக்க வேண்டும். தேதி, வாங்கியது, விற்றது, கடன், மிச்சச் சரக்கு: ஐந்து கட்டம், தினமும். நோட்டைத் துறைப் பேராசிரியர் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். பரிசு கொடுப்பதானால் அழகான பவர்பாயின்ட் காட்சிக்குக் கொடுக்காதீர்கள், கடனை முழுக்க வசூலித்த குழுவுக்குக் கொடுங்கள்.

தின்பண்டம் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தாக வேண்டும். மூன்று சுற்று தாண்டியவர்களுக்கு சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்து கொடுங்கள். அரசுத் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் வைத்துச் செய்யலாம், கட்டணம் கிடையாது; காசு கேட்கும் தளம் இடைத்தரகருடையது. பட்டம் முடித்து 21 வயதானவர்களுக்கு புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. ஆனால் அது பெரிய முதலீட்டுக்கானது, டாப்ஸ் வியாபாரத்துக்கு இப்போதே அதைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள்.